தொகுதி வரலாறு எழுதுவது எப்படி? ஆண்டிபட்டியை வைத்து ஒரு செய்முறை

கிராமத்துத் தொகுதி ஒன்றின் அரசியல் வரலாறு எழுத உட்காருபவர்கள் முதலில் செய்வது, வென்றவர்களின் பெயரை ஆண்டுவாரியாக அடுக்குவது. அந்தப் பட்டியல் கடைசியில் வரட்டும். முதலில் எல்லையைப் பிடியுங்கள்.

1952, 1962, 1972, 2002 என நான்கு தொகுதி எல்லை மறுசீரமைப்புச் சட்டங்கள் வந்துள்ளன. ஒவ்வொன்றின் கீழும் வெளியான ஆணையில் அந்தத் தொகுதி எந்தெந்தப் பகுதிகளைக் கொண்டது என்று இருக்கும். அவற்றை அடுத்தடுத்து வைத்து, வந்த ஊர், போன ஊர் என்று குறியுங்கள். 2002 சட்டத்தின் கீழ் வந்த 2008 ஆணையில், ஆண்டிபட்டி இருக்கும் தேனி மாவட்டத்தில் தேனி என்ற சட்டமன்றத் தொகுதியே மறைந்தது. அக்கம்பக்கத் தொகுதிகளின் எல்லையும் அசைந்தது. அதனால் 2006 வாக்கையும் 2011 வாக்கையும் நேராகக் கழித்து ‘சரிவு’ என்று எழுதினால் தப்பு. தொகுதி எண்ணை நம்பித் தேடவும் கூடாது. ஆண்டிபட்டிக்கு 198 என்ற எண் 2008 சீரமைப்பில் வந்தது. 1996 வரை தேனி மாவட்டமே கிடையாது, பழைய ஆவணங்களில் மதுரை மாவட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது அட்டவணை. தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவரத் தொகுப்பிலிருந்து மொத்த வாக்காளர், பதிவானவை, செல்லத்தக்கவை, முதல் நான்கு வேட்பாளரின் வாக்கு ஆகியவற்றை எடுங்கள். வாக்கு விகிதத்துக்குச் செல்லத்தக்க வாக்கால் வகுக்க வேண்டும், வாக்குப்பதிவு விகிதத்துக்கு மொத்த வாக்காளரால். இரண்டையும் குழப்பிய கட்டுரைகள் ஏராளம்.

பொதுத்தேர்தல் தொகுப்பில் இடைத்தேர்தல் இருக்காது. அதைத் தனியாகத் தேட வேண்டும். ஆண்டிபட்டியில் அதை விட்டால் கதையே போச்சு. 2001இல் ஜெயலலிதாவின் வேட்புமனு இங்கும் வேறு மூன்று தொகுதிகளிலும் நிராகரிக்கப்பட்டது. இங்கே தங்க தமிழ்ச்செல்வன் வென்றார், பிறகு பதவி விலகினார். 2002 பிப்ரவரி இடைத்தேர்தலில் ஜெயலலிதா 41,201 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து மீண்டும் முதல்வரானார். 2006இல் வித்தியாசம் 25,186. உடனே ‘செல்வாக்கு குறைந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். ஒன்று முதல்வர் நாற்காலிக்கான இடைத்தேர்தல்; மற்றொன்று தேமுதிக முதன்முறையாகக் களமிறங்கிய பொதுத்தேர்தல்.

சின்னத்துக்கும் ஒரு பத்தி வையுங்கள். 1984இல் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே இங்கு வென்றார். 1989இல் அதிமுக இரண்டாகப் பிளந்து இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஜானகியே ஆண்டிபட்டியில் நின்று தோற்றார், திமுகவின் ஆசையன் வென்றார். பட்டியலில் ‘திமுக வெற்றி’ என்று ஒரே வரிதான் இருக்கும். இரண்டு அணிகளின் வாக்கைக் கூட்டிப் பார்த்தால்தான் அது அலையா, பிளவின் பலனா என்று தெரியும். 1984இல் கூட்டணியில் இருந்த காங்கிரசும் அப்போது தனியாக நின்றதை மறக்க வேண்டாம்.

நேரம் குறைவாக இருந்தால் 2019ஐ மட்டுமாவது வாக்குச்சாவடி அளவில் பாருங்கள். 2017 செப்டம்பரில் ஆண்டிபட்டியின் தங்க தமிழ்ச்செல்வன் உட்பட 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் ஏறத்தாழ 20 மாதம் தொகுதி காலி. 2019 ஏப்ரல் 18இல் ஒரே நாளில், ஒரே சாவடியில், மக்களவைக்கு ஒரு வாக்கு, சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கு. தேனி மக்களவைத் தொகுதியை அதிமுக பிடித்தது. மாநிலத்தில் அந்த அணி வென்ற ஒரே மக்களவைத் தொகுதி அது. ஆண்டிபட்டி சட்டமன்றத் தொகுதியிலோ திமுகவின் மகாராஜன், அதிமுக சார்பில் நின்ற தன் தம்பி லோகிராஜனைத் தோற்கடித்தார். தங்க தமிழ்ச்செல்வன் அமமுக வேட்பாளராக மக்களவைக்கு நின்றார்.

இதைப் பிரித்துப் பார்க்க, சாவடிவாரி வாக்கு எண்ணிக்கை இருக்கும் படிவம் 20 போதும். மக்களவைப் படிவமும் சட்டமன்றப் பகுதிவாரியாகத்தான் இருக்கும். தேனி மக்களவைக்குத் திமுக கூட்டணியில் நின்றது காங்கிரஸ். அதனால் இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, சாவடிவாரியாகச் சட்டமன்றத்தின் உதயசூரியன் வாக்கிலிருந்து மக்களவையின் கை சின்ன வாக்கைக் கழியுங்கள். வித்தியாசம் பெரிதாக வரும் ஊர்களைத் தனியாக எழுதிவைத்து அங்கே போய்க் கேளுங்கள். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கம் காட்டு நிலப் பிரச்சினை. சக்கம்பட்டிப் பக்கம் நெசவு. ஊருக்கு ஊர் கேள்வி மாறும்.

இங்கே சறுக்கும் இடம் சாவடி எண். ஒரு சாவடி பிரிந்தால் பின்னால் வரும் எண்களெல்லாம் நகர்ந்துவிடும். 2021இல் கொரோனாவுக்காக ஆயிரத்துச் சொச்சம் வாக்காளருக்கு மேல் இருந்தவற்றைப் பிரித்தார்கள். எண்ணை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்துங்கள். தபால் வாக்கு கடைசி வரியில் தனியாக இருக்கும். கூட்டுத்தொகை இடித்தால் முதலில் அங்கே பாருங்கள்.

சாதிவாரி எண்ணிக்கையை எழுதவே எழுதாதீர்கள். தொகுதிவாரியாக அரசு வெளியிட்ட கணக்கு கிடையாது. டீக்கடையில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். கூட்டினால் தொகுதியின் மொத்த வாக்காளரையே தாண்டிவிடும்.