கீழ் சிலிண்டரும் காற்று பாட்டிலும்: பழைய யாக்-52 விமானத்தைப் பராமரிப்பது எப்படி

சங்ககிரியில் எங்கள் சித்தப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், விடிந்ததும் அவர் முதலில் தொடுவது ஸ்டீயரிங்கை இல்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, காத்து டேங்கின் அடியில் தொங்கும் வளையத்தை இழுப்பார். புஸ்ஸென்று காற்றோடு சேர்ந்து பால் மாதிரி வெளுத்த எண்ணெய்த் தண்ணீர் தெறிக்கும். அது நின்று வெறும் காற்று மட்டும் வந்த பிறகுதான் வளையத்தை விடுவார். பல வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஒரு சின்ன ஹேங்கரில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு யாக்-52 விமானத்தைக் காட்டி எனக்குக் கொடுத்த முதல் வேலையும் அதேதான். அன்றைக்கே அந்த விமானம் எனக்குப் பிடித்துப்போனது. இப்போது சேலத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். கருப்பூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து இதைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாக்-52 முதலில் பறந்தது 1976இல். சோவியத் வடிவமைப்பு, ஆனால் தயாரித்தது ருமேனியாவில் பக்காவ் என்ற ஊரில். புதிதாகப் பறக்கக் கற்கும் மாணவர்களுக்காகச் செய்தது. மாணவன் முன் இருக்கையில், ஆசிரியர் பின் இருக்கையில். முரட்டுக் கைகளைத் தாங்க வேண்டும் என்று நினைத்துக் கட்டிய விமானம் என்பது எதைத் தொட்டாலும் தெரியும். சக்கரம் மடங்கினாலும் முழுக்க உள்ளே போகாது, வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். மாணவன் சக்கரத்தை இறக்க மறந்து தரையில் வைத்தாலும் சேதம் குறைவாக இருக்கட்டும் என்பதுதான் காரணம். என்ஜின் எம்-14பி: 9 சிலிண்டர் ரேடியல், காற்றால் குளிர்வது, 360 குதிரைத்திறன். இதில் ஸ்டார்ட் ஆவதும் காற்றால், சக்கரம் ஏறி இறங்குவதும் காற்றால், இறக்கையின் பின் ஓரத்தில் இறங்கும் ஃபிளாப்பும் பிரேக்கும் காற்றால். லாரிக்காவது பிரேக்குக்கு மட்டும்தான் காற்று, இதற்கு எல்லாமே காற்று.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு யாரும் ஒரு பறக்கும் விமானத்தில் கை வைக்கக்கூடாது. நம் நாட்டில் விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.வின் உரிமம் உள்ள பராமரிப்பு இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் எதுவும் பறக்க முடியாது, அது சரியும்கூட. அவர் மேற்பார்வையில் கூட நின்று வேலை செய்கிறவர்களுக்கும், பழைய விமானம் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும்தான் இது.

வாங்கப் போகிறீர்கள் என்றால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், காகிதத்தைப் பாருங்கள். ஃபார்முலியார் என்று ரஷ்ய மொழியில் ஒரு குறிப்பேடு உண்டு. விமானத்துக்கு ஒன்று, என்ஜினுக்குத் தனியாக ஒன்று. எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது ஓவர்ஹால் ஆனது, என்ன மாற்றம் செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இறக்கையின் முதன்மை ஸ்பாரை, அதாவது நீளவாக்கில் ஓடி இறக்கையைத் தாங்கும் உத்திரத்தை, வலுப்படுத்தும் மாற்றம் பின்னாளில் வந்தது. அது செய்யப்பட்டதா என்பதுதான் நான் முதலில் தேடும் வரி. குறிப்பேடு தொலைந்துவிட்டது என்று விற்கிறவர் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் திரும்பி வந்துவிடுவேன். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு காக்பிட் தரைக்குக் கீழே, பேட்டரி இருக்கும் இடத்துக்கு அடியில், இறக்கை சேரும் இடத்தில் படுத்துப் பாருங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் அரிப்பு. ரப்பர் குழாய்களை லேசாக வளைத்துப் பாருங்கள், முடி முடியாக வெடிப்பு தெரிந்தால் எல்லாக் குழாயையும் மாற்ற வேண்டிய செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரேடியல் என்ஜினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும், அதனால் சிலது தலைகீழாகத் தொங்கும். இதில் 5ஆவதும் 6ஆவதும் அடியில் இருப்பவை. என்ஜின் நின்ற பிறகு எண்ணெய் மெல்ல மெல்ல இறங்கி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அந்தக் கீழ் சிலிண்டர்களின் தலையில் தேங்கும். எண்ணெயை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் போய் முட்டும், வளைவது பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு. இதில் கொடுமை என்னவென்றால் அன்றைக்கே உடைய வேண்டும் என்று இல்லை. லேசாக வளைந்த ராடோடு என்ஜின் நன்றாகவே ஓடும், பல மணி நேரம் கழித்து ஆகாயத்தில் உடையும். நான் பிரித்த ஒரு என்ஜினில் அப்படி வளைந்த ராடைப் பார்த்திருக்கிறேன். மேஜையில் புது ராடு பக்கத்தில் வைத்த பிறகுதான் வளைவே கண்ணுக்குத் தெரிந்தது. அந்த விமானத்தின் சொந்தக்காரர் அதில் தன் மகளை வைத்துக்கொண்டு பறந்தவர். ராடைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், காற்று இல்லாமல் பிரேக் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம். பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ ஆஃப், திராட்டில் மூடியிருக்க வேண்டும், காக்பிட்டில் விவரம் தெரிந்த ஒருவர். இத்தனையும் செய்த பிறகும் புரொப்பெல்லர் எந்த நொடியும் தானாகச் சுற்றும் என்று நினைத்தே நில்லுங்கள். முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் போகிற பக்கம்தான் இது சுற்றும். அமெரிக்க விமானங்களில் பழகியவர்களுக்கு இது நேர் எதிர். எத்தனை சுற்று என்று பையன்கள் கேட்பார்கள், கணக்கு எளிது. எல்லா சிலிண்டரும் ஒருமுறை அழுத்தத்துக்கு வர கிராங்க் 2 சுற்று சுற்ற வேண்டும். புரொப்பெல்லருக்கு நடுவில் கியர் உண்டு, விகிதம் 0.658. ஆக புரொப்பெல்லர் சுமார் ஒன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பிளேடு புரொப்பெல்லரில் 3 பிளேடு கடந்தால் எல்லா சிலிண்டரும் ஒருமுறை அழுத்தத்துக்கு வந்துவிட்டது. நான் 8 பிளேடு எண்ணுவேன், அவசரப்படாமல், ஒவ்வொரு பிளேடுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு.

நல்ல அழுத்தம் என்பது ஸ்பிரிங் மாதிரி கையைத் தள்ளி அப்புறம் வழிவிடும். எண்ணெய் இருந்தால் சுவரில் முட்டின மாதிரி நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உள்ளங்கை ஒருமுறை கற்றுக்கொண்டால் மறக்காது. முட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள். தோள் கொடுத்துத் தள்ளக்கூடாது, பின்பக்கமாகச் சுற்றி விடுவிக்கவும் கூடாது. பின்னால் சுற்றினால் எண்ணெய் திறந்த வால்வு வழியாக சிலிண்டருக்குக் காற்றும் பெட்ரோலும் வரும் இன்டேக் குழாய்க்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கைக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தெரியும், ஸ்டார்ட் ஆன முதல் நொடியில் அது மறுபடி சிலிண்டருக்குள் உறிஞ்சப்படும். கீழ் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதுதான் ஒரே வழி. அடியில் கிண்ணம் வைத்துக் கழற்றினால் சுட வைத்த வெல்லப்பாகு மாதிரி கறுப்பாக நூல் பிடித்து இறங்கும். சில நாள் ரெண்டு ஸ்பூன், ஒரு நாள் எனக்கு அரை டம்ளருக்கு மேல் வந்தது. முழுக்க வடிந்த பிறகு, பிளக் இல்லாமலே சரியான பக்கம் சில பிளேடு சுற்றி, இன்டேக் குழாயின் அடியில் உள்ள வடிகாலையும் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் பிளக்கைத் துடைத்துப் போடுங்கள். இருபது நிமிஷம் ஆகும். வந்திருக்கிற விருந்தாளி வெயிலில் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

காற்றுக்கு வருவோம். முதன்மை பாட்டில் 11 லிட்டர், அவசரத்துக்கான பாட்டில் 3 லிட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ. என்ஜின் ஓடும்போது ஏ.கே-50 என்ற சின்ன கம்ப்ரெஸ்ஸர் நிரப்பிக்கொண்டே இருக்கும். காற்றை அழுத்தினால் அதில் உள்ள ஈரம் தண்ணீராக வரும், கூடவே கம்ப்ரெஸ்ஸரின் எண்ணெயும். அதைப் பிடிக்கும் வடிகட்டியை ஒவ்வொரு பறக்கும் நாளும் வடித்துவிடுங்கள். விட்டுவிட்டால் தண்ணீர் வால்வுகளுக்குப் போய் ஒட்டவைக்கும், எஃகு பாட்டிலை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் பாட்டிலின் உள்ளே எப்படி இருக்கிறது என்பது அழுத்தச் சோதனை செய்தால்தான் தெரியும்.

லீக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீரும் பழைய ஷேவிங் பிரஷும் போதும். மாலையில் அழுத்தத்தைக் குறித்து வைத்து வால்வை மூடிவிட்டு, காலையில் மறுபடி பார்த்தால் விமானமே சொல்லிவிடும். ஒவ்வொரு மூட்டிலும் நுரையைத் தடவி, ஹேங்கரில் எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொல்லிக் காதை வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம், காய்ந்துபோன ஓ-ரிங்தான் காரணமாக இருக்கும். பம்ப் செட் கடையில் அளவு பார்த்து ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும், போடாதீர்கள், அது என்ன ரப்பர் என்று கடைக்காரருக்கே தெரியாது.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு, சேலத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். காற்று இறங்கிப்போன விமானத்தை வெளியிலிருந்து நிரப்ப வேண்டி வரும். நம் ஊரில் தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை, ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன் சிலிண்டர். அதை இதில் இணைக்கவே கூடாது. குழாய்க்குள் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பொறிகூட வேண்டாம், வெடிக்கும். காய்ந்த காற்று அல்லது நைட்ரஜன், அதுவும் ரெகுலேட்டர் போட்டு, மெதுவாக. சிலிண்டரின் நிறத்தை நம்பாமல் லேபிளைப் படித்துவிட்டு இணைக்கவும்.

லேத் பட்டறைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சேலத்து லேத் ஆட்களின் கை எனக்குத் தெரியும், அருமையான கை. கருவிகளை அவர்களிடம் தாராளமாகச் செய்யலாம்: பிளக் ஸ்பேனர், ஜாக்கிக்கு வைக்கும் தாங்கி, என்ஜின் ஸ்டாண்டு. பறக்கும் பாகத்தை மட்டும் செய்யக்கூடாது, என்ன உலோகம், என்ன வெப்பப் பதம் என்று காட்டச் சான்று இருக்காது. இங்கே எல்லோருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் நம்பிக்கை அதிகம். துருப்பிடித்த போல்ட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ். போல்ட் போடலாமே என்பார்கள். அலுமினியத்தோடு எஸ்.எஸ். நேராகத் தொட்டுக்கொண்டு ஈரமும் பட்டால் அரிபடுவது அலுமினியம்தான். வலுவும் அதே வலு இல்லை.

எண்ணெயை நான் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். வடிகட்டி வலையை வெள்ளைத் துணிமேல் தட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மிக நுண்ணிய பளபளப்பு வரலாம். விரலில் நிரடும் துண்டு வந்தால், காந்தத்தில் ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பேரிங் அல்லது பிஸ்டன், எதுவானாலும் அன்றைக்கு விமானம் வெளியே போகாது.

உடல் அலுமினியம் என்றாலும், இறக்கையிலும் வாலிலும் அசைந்து விமானத்தைத் திருப்பும் ஐலரான், எலிவேட்டர், ரடர் மூன்றும் துணி போர்த்தியவை. கட்டைவிரலால் அழுத்தினால் மேளத் தோல் மாதிரி திரும்பி வர வேண்டும். தொய்வாக இருந்தாலோ, துணியை இறுக்கிப் பிடிக்கும் டோப் பூச்சு செதில் செதிலாக எழும்பினாலோ, பிரித்துப் புதுத் துணி போடும் நேரம் வந்துவிட்டது. மேலே மேலே பெயின்ட் அடித்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஆபத்து. கீலுக்குப் பின்னால் கூடும் ஒவ்வொரு கிராமும் அந்தப் பாகத்தின் சமநிலையைக் கெடுக்கும், வேகத்தில் அது படபடவென்று அதிர ஆரம்பித்தால் வாலே கழன்றுபோகலாம். துணி மாற்றினால் எடை பார்த்துச் சமநிலை சோதித்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

புரொப்பெல்லர் மரம், 2.4 மீட்டர். மரம் ஈரத்தைக் குடிக்கும் என்று சொன்னால் நம்பாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கழித்துப் போட்ட பிளேடு ஒன்றை ஊருக்கு வரும்போது கொண்டுவந்தேன், ஓரத்தில் பூச்சு உடைந்தது. ஏற்காட்டில் தங்கை வீட்டில் மிளகு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே சாமான் அறையில் விட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையும் மூட்டமும் முடிந்து தை மாதம் நிறுத்தால் கிட்டத்தட்ட கால் கிலோ கூடியிருந்தது. சுற்றுகிற புரொப்பெல்லரில் ஒரு பக்கம் மட்டும் இப்படிக் கூடினால் என்ஜினை எப்படி உலுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் பூச்சில் சின்னக் கீறல் தெரிந்தாலும் அன்றே மூடிவிட வேண்டும், நிறுத்தும்போது பிளேடுகளைப் படுக்கை மட்டமாக விட வேண்டும். செங்குத்தாக விட்டால் ஈரம் கீழ் பிளேடில் இறங்கும்.

மாலையில் பறந்து முடிந்த பிறகு செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கட்டை வை, காற்று வடிகட்டியை வடி, காற்று வால்வை மூடி அழுத்தத்தை எழுது, புரொப்பெல்லரை மட்டமாக்கு, என்ஜினின் முகத்தில் உள்ள ஷட்டரை மூடு. என்ஜின் ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், அதற்குள் வயிற்றுப் பகுதியில் வழிந்த எண்ணெயைச் சூட்டோடு துடைத்துவிடுங்கள், ஆறிவிட்டால் ரெண்டு மடங்கு வேலை. கடைசியாக அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். காலையில் அதில் எவ்வளவு எண்ணெய் சேர்ந்திருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். வழக்கமாகச் சொட்டுகிற அளவைவிடத் தட்டு ஒரு நாள் காய்ந்து கிடந்தால், அந்த எண்ணெய் 5ஆவது சிலிண்டரிலோ 6ஆவதிலோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பிளக் ஸ்பேனரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.