கிளி வாங்கும் முன் அதன் முழுப்பெயரைக் கேளுங்கள்

எங்கள் பெரம்பூர் குடியிருப்பில் கிளி சம்பந்தமாக எந்த வில்லங்கம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். காரணம், பால்கனியில் கத்திக்கொண்டிருக்கும் என் சன் கோனூர் என்ற வெளிநாட்டுக் கிளி. அதை அரசிடம் பதிவு செய்ய நான் அலைந்தது மூன்று மாடிக்கும் தெரியும்.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான். "வெளிநாட்டுக் கிளி வளர்த்தா கேஸ் ஆகுமா அக்கா?" கேள்வியே தலைகீழ். மாட்டிவிடுவது நம்மூர்ப் பச்சைக்கிளிதான். பாட்டி காலத்திலிருந்து கூண்டில் பார்த்துப் பழகியதால் அது கோழி மாதிரி வீட்டுப் பறவை என்று நினைக்கிறோம். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அது காட்டு உயிரினம். பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வளர்த்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதற்கு அனுமதிச் சீட்டு என்று ஒன்று கிடையாது. 2023-இல் சென்னையில் ஒரு நடிகர் வீட்டில் வளர்த்த பெரிய பச்சைக்கிளிகளுக்காக இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டியிருந்தது.

மைனா, முனியா என்னும் சிறு குருவி எல்லாம் இதே கதைதான். சந்தையில் சிவப்பும் நீலமுமாகப் பளபளக்கும் குட்டிக் குருவியைப் பார்த்தால் விலகிவிடுங்கள். பெரும்பாலும் சாயம் பூசிய முனியா. குளித்தால் சாயம் போய்விடும், வழக்கு போகாது. ராசிக்காக வைக்கும் நட்சத்திர ஆமை இன்னும் மோசம். அது இன்னும் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணை. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை.

சரி, எதைத்தான் வளர்ப்பது? பட்ஜி என்னும் சிறு கிளி, காக்கட்டீல் என்னும் கொண்டைக் கிளி, சாதாரண பீச் முக லவ் பேர்ட்ஸ் ஆகிய மூன்றும், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் (CITES) இல்லை. பதிவு வேண்டாம், நிம்மதியாக வளர்க்கலாம். முதல் முறை பறவை வளர்ப்பவருக்கு நான் பட்ஜியைத்தான் சொல்வேன், சட்டத்துக்காக மட்டுமல்ல, கோனூரின் சத்தத்தைக் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் உங்களோடு பேசவே மாட்டார்.

கோனூர், மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பால் பைத்தான் (ball python) மலைப்பாம்பு, இகுவானா என்னும் பெரிய பல்லி போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. 2022-இல் சட்டத்தைத் திருத்தி நான்காம் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். வைத்திருக்கலாம், ஆனால் பதிவு கட்டாயம். 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி, ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். இப்போது புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஆயிரம் ரூபாய், திரும்பக் கிடைக்காது. மாநகராட்சி உரிமம் இதற்கு ஈடாகாது. அது நாய், பூனைக்கானது.

நான் தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்கிறேன். 2021-இல் வாங்கியபோது கடைக்காரர் தந்த ரசீதில் "பறவை – 1" என்று மட்டும் இருந்தது. விண்ணப்பத்தில் கேட்பது அறிவியல் பெயர். என்னுடையது அராட்டிங்கா சோல்ஸ்டிடியாலிஸ். கடைகள் சொல்வதோ நிறத்தின் பெயர். "பைனாப்பிள் கோனூர்" என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பிர்ரூரா மோலினே என்னும் பச்சைக் கன்னக் கோனூரின் ஒரு நிற வகை அது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே அறிவியல் பெயர், தேதி, விற்றவர் பெயர், முகவரி, கையெழுத்து எல்லாம் உள்ள ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். விற்றவர் தன் பெயரில் பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றின் நகலையும் கேளுங்கள். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்று பதில் வந்தால், பர்ஸை மூடிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். நான் என் கோனூரை வாங்கிய கடைக்கு மூன்று முறை நடந்தேன், புது ரசீது வாங்க.

பதிவு செய்ததோடு முடியவில்லை. பறவை குஞ்சு பொரித்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். அத்தை மகனுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தூக்கிக் கொடுப்பதும் கைமாற்றம்தான்.

வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருக்கிறதா? பயந்துபோய் மாடியிலிருந்து பறக்கவிடாதீர்கள். இறகு வெட்டிய கிளி அடுத்த மாடிச் சுவர் வரைகூடப் போகாது, காகம் கொத்திவிடும். கீழ்வீட்டு மாமி பத்து வருடம் வளர்த்த கிளியை நாங்கள் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து, கிண்டியில் வனத்துறையிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். தானாக ஒப்படைக்க வந்தோம் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டோம். மாமி கிளம்பும்போது, "அதுக்கு மிளகாய்ப்பழம்னா உயிர்" என்று அங்கிருந்தவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தார்.