சாயங்காலம் ஐந்து நிமிஷம் காலுக்கு

அப்பாவின் செருப்பில் ஒரு சின்ன ஆணி ஏறியிருந்ததை நான்தான் பார்த்தேன். காலையில் பால் வாங்கப் போனவர் ராத்திரி வரைக்கும் அதே செருப்பில்தான் நடந்திருக்கிறார், பாதத்தில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கிறது, கேட்டால் "வலிக்கவே இல்லையேப்பா" என்கிறார். பதினைந்து வருஷச் சர்க்கரை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்பு கெடும், அதுவும் உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில், அதனால்தான் கால்விரல் நுனியில் மரத்துப்போவது ஆரம்பிக்கிறது. கூடவே ரத்த ஓட்டமும் குறைந்துவிட்டால் சின்னப் புண்கூட ஆறாது.

சரி, என்ன செய்யணும்? வெளியே போய்விட்டு வந்ததும் சோப்பு போட்டுக் காலைக் கழுவுங்கள். வெந்நீர் என்றால் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், மரத்த காலுக்குச் சூடு தெரியாது. ரொம்ப நேரம் ஊறவைக்கவும் வேண்டாம். அப்புறம் பழைய வேட்டித் துணியால் விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் ஈரம் போகத் துடைக்கணும். நம்மில் பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை, சேற்றுப்புண் வருவதே அந்த ஈரத்தில்தான். அது பூஞ்சை. மருந்துக் கடையில் கேட்காமலே ஸ்டீராய்டு கலந்த கிரீமை எடுத்துக் கொடுப்பார்கள், ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். பூஞ்சைக்கு மட்டுமான மருந்தா என்று கேட்டு வாங்குங்கள், அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

துடைத்த பிறகு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலை அதில் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, புதுசாகத் தடித்த தோல், ஒரு இடம் மட்டும் சூடாக இருப்பது, இதெல்லாம்தான் தேடவேண்டியது. குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

பித்தவெடிப்புக்கும் பித்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. வறண்ட தோல், உடம்பு எடை, நாள் முழுக்க நின்றே வேலை செய்வது, இவைதான் காரணம். கால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்து, ராத்திரி வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிப் பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்கினால் குறையும். விரல் இடுக்கில் மட்டும் தடவாதீர்கள். வெடிப்பையோ கால் ஆணியையோ பிளேடால் சீவுகிற வேலை வேண்டவே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் ஆணி பிளாஸ்திரியும் ஆகாது, அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டினால் சதைக்குள் வளரும்.

செருப்பு வாங்க சாயங்காலம் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. ஒரு பேப்பரில் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஷூவுக்குள் வைத்துப் பார்த்தால், பேப்பர் மடங்கினால் ஷூ சின்னது. மரத்த காலுக்குப் பின்வார் உள்ள எம்சிஆர் (மெத்தென்ற ஒருவகை ரப்பர்) செருப்பு நல்லது, வெறும் செருப்பு கழன்று விழுந்தால்கூடச் சிலருக்குத் தெரியாது. போடும் முன் தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இது இப்போது சட்டம்.

கோயில் பிராகாரத்தில் மத்தியான வெயில் கல்லில் நடந்து உள்ளங்கால் வெந்துபோனவர்கள் உண்டு. அதிகாலையில் போங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், சர்க்கரைக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் வெறுங்காலில் கிளம்பாதீர்கள். சாக்ஸ் போட்டால் சாமி கோவித்துக்கொள்ளாது.

கால் வீங்கியிருந்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அது இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று எதையும் காட்டலாம், சில பிரஷர் மாத்திரையாலும் வரும் (அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்தாதீர்கள்). ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பாதத்தில் புண் வந்து சீழோ கறுப்போ தெரிந்தாலும் அப்படித்தான்.

கால் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடச் சொல்லி, ரெண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக லேசாகத் தொடணும், அழுத்தக்கூடாது, ஒரு நொடி போதும். ஆறில் ரெண்டு தெரியாவிட்டாலே டாக்டரைப் பார்க்கணும். அப்பாவுக்கு நாலு தெரியவில்லை. "நீ தொடவே இல்ல, சும்மா ஏமாத்துற" என்று சண்டைக்கு வந்தார்.