பரதநாட்டிய பிளவுஸுக்கு க்ளோ 3டி-ல பேட்டர்ன் போடலாம் வாங்க

க்ளோ 3டி-ங்கிறது கம்ப்யூட்டர்லயே பேட்டர்ன் போட்டு, தைச்சு, ஒரு 3டி பொம்மைக்கு போட்டுப் பாக்குற சாஃப்ட்வேர். மேடைக்கு தைக்கிற பிளவுஸ் சும்மா நிக்கும்போது கச்சிதமா இருந்தா பத்தாது, ஆடுறவங்க நாட்டியாரம்பத்துல (ரெண்டு கையையும் தோள் உயரத்துக்கு பக்கவாட்டுல நீட்டி நிக்கிற நிலை) கைய நீட்டினா அடிப்பக்கம் மேல ஏறக்கூடாது, அக்குள்ல இழுக்கக்கூடாது. அதுக்கு அக்குள்தான் முக்கியம், அத மனசுல வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

முதல்ல அளவு. மேடைக்கு எந்த உள்ளாடை போடுவாங்களோ அதையே போட்டுக்கிட்டு அளவு எடுக்கணும். மார்பு, மார்புக்கு மேல, மார்புக்கு கீழ, இடுப்பு, தோள்ல இருந்து மார்பு முனை வரைக்கும், ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற தூரம், மேல்கை சுற்றளவு, எல்லாத்தையும் அவதாருக்கு, அதாவது க்ளோ-ல இருக்குற அந்த 3டி பொம்மைக்கு, குடுங்க.

அப்புறம் 3டி பென் எடுத்து அவதார் உடம்பு மேலயே கோடு போடுங்க: கழுத்து, முன் நடு, பின் நடு, சைடு, அடி, கைக்குழி (பிளவுஸ்ல கை மாட்டுற ஓட்டை). பிரின்சஸ் கோடு (மேல இருந்து மார்பு வழியா அடி வரைக்கும் நீளமா போற தையல் கோடு) மார்பு முனை மேலயே போகணும், ஏன்னா வளைவு அதிகமா இருக்குற இடம் ஒரே துண்டா இருந்தா தட்டையாக்கும்போது வடிவம் கெட்டுடும். ஃபிளாட்டன் (தட்டையாக்குற கட்டளை) குடுத்தா துண்டுகள் 2டி-ல வந்துடும். ஆனா இது தோலோட ஒட்டுன அளவு, அப்படியே தைச்சா மூச்சு விட முடியாது. சைடுல முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு நாலு ஓரத்துக்கும் கால் கால் இஞ்ச் குடுத்தா மொத்தம் ஒரு இஞ்ச் லூஸ் கிடைக்கும். கோணலான வளைவுகள சரி பண்ணிட்டு, சேர்த்து தைக்கிற ரெண்டு ஓரமும் ஒரே நீளமான்னு பாத்துக்கோங்க.

இப்ப கைக்குழி. நிறைய பேர் கை தூக்க வசதின்னு ஆழமா வெட்டுவாங்க, நடக்குறது நேர்மாறு, குழி இறங்க இறங்க கைய தூக்கும்போது மொத்த பிளவுஸும் கூடவே வரும். அதனால அக்குளுக்கு பக்கத்துலயே வைங்க, பிளவுஸ் கையோட மேல்வளைவு உயரத்த குறைச்சு மேல்கை அகலத்த கூட்டுங்க. கைய கீழ விட்டா அக்குள்ல கொஞ்சம் மடிப்பு விழும், விழட்டும், மேடையில கை கீழ இருக்குற நேரமே கம்மி. அப்பவும் இழுத்தா அக்குள்ல டைமண்ட் ஷேப்ல ஒரு துண்டு வைங்க.

துண்டுகள க்ளோ-லயே தைச்சு, பட்டுக்கு கிட்டத்துல வர்ற நீளாத துணிய செலக்ட் பண்ணி சிமுலேட் பண்ணுங்க (அவதார் மேல துணி எப்படி உக்காருதுன்னு ஓட்டிப் பாக்குறது), அவதார் கைய நாட்டியாரம்பத்துக்கு கொண்டு வந்து துணி எங்க இழுபடுதுன்னு கலர்ல காட்டுற ஸ்ட்ரெயின் மேப்ப ஆன் பண்ணுங்க. சிவப்பா இருந்தா துணி ரொம்ப இழுபடுதுன்னு அர்த்தம். அவதார் உடம்பு அமுங்காது, நிஜ உடம்பு அமுங்கும், அதனால இடுப்புல லேசா சிவப்பு வந்தா பதறாதீங்க, அக்குள்லயோ முதுகுலயோ வந்தா கண்டிப்பா திருத்துங்க.

கடைசியா சைடுல ஒரு இஞ்சுக்கு குறையாம தையல் மார்ஜின் விடுங்க, வளர்ற பிள்ளைங்களுக்கு பின்னாடி பிரிச்சு விடலாம். பிரிண்ட் எடுக்குறதுக்கு முன்னாடி பேட்டர்ன்ல 10 செ.மீ. சதுரம் ஒண்ணு போட்டு, பிரிண்ட்ல அளவு மாறலையான்னு பேப்பர்ல ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. காடா துணியில ஒண்ணு தைச்சு போட்டுவிட்டு ஒரு அடவு (பரதநாட்டியத்தோட அடிப்படை அசைவு) ஆடச் சொல்லுங்க, அது சரியா இருந்தா பட்டுல கத்தரிய வைங்க.