கோடியக்கரைக்குப் போகும் பர்மா உறவுகளுக்கு

மோல்மீன், தட்டோன் பக்கம் வளர்ந்த நமக்குப் பறவை பார்ப்பது என்றால், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கணக்குப் போடுவதுதான். மொட்டமா வளைகுடாவில் ஓதம் ஆறேழு மீட்டர் ஏறும். தண்ணீர் ஏற ஏற உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகள்) கரைப்பக்கம் ஒதுங்கி வரும். நாம் அங்கே காத்திருந்தால் போதும். இதே பழக்கத்தோடு கோடியக்கரைக்குப் போய் நான் இரண்டு நாளை வீணாக்கினேன். அங்கே ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது. சதுப்பில் தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதும் மழையும் காற்றும்தான்.

அதனால் மழையை வைத்துத் தேதி குறியுங்கள். உள்ளான்களைப் பார்க்க ஆசையென்றால் புரட்டாசிக் கடைசி, அதாவது அக்டோபர் முதல் இரண்டு வாரம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சேறு மூழ்கிவிடும். குட்டைக்கால் பறவைக்கு நிற்க இடமிருக்காது. நெட்டைக்கால் பூநாரைக்கு அந்தக் கவலை இல்லை. அது மழைக்குப் பின்தான் கூட்டமாகச் சேரும், தை வரை இருக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் நிறையப் பார்ப்பது கடினம். என்னைக் கேட்டால் அக்டோபர்தான். நவம்பர் புயல் மாதம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது.

கோலாலம்பூர் மாறித் திருச்சியில் இறங்குவது வசதி. அங்கிருந்து தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். அப்புறம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தீபாவளி வாரத்தில் மட்டும் கிளம்பாதீர்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைக்காது. 1967 முதல் கோடியக்கரை சரணாலயம், 2002 முதல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலம் (நம் மொட்டமாவுக்கு அந்தப் பெயர் 2017இல்தான் கிடைத்தது). வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. பாஸ்போர்ட், விசா நகல் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

விடியும்போதே சதுப்போரம் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பி எல்லாமே ஆடும். நான் வேதாரண்யம் உப்பள வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, பத்தடி தள்ளிக் கொசு உள்ளான்கள் கோழிக்குஞ்சு குருணை பொறுக்குவதுபோல மேலாகக் கொத்திக்கொண்டு ஓடின. பக்கத்திலேயே வளைமூக்கு உள்ளான் நிதானமாக நின்று, முகம் நனையும்வரை அலகைச் சேற்றுக்குள் இறக்கியது. ஒரே சேறு, இருவருக்கும் வேறு வேறு ஆழத்தில் சாப்பாடு. அளத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர், “அசையாம இருங்க தம்பி, அதுவா கிட்ட வரும்” என்றார். அப்படியே வந்தது. பாத்திக்குள் கால் வைக்காதீர்கள்; அது அவர்களுடைய பிழைப்பு. மாலையில் பைனாகுலரை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள், உப்பு லென்ஸ் பூச்சையே தின்றுவிடும்.

இன்னொன்று, கால்களைப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள். காலில் வண்ணக்கொடி (கொடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பிளாஸ்டிக் பட்டை) தெரிந்தால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து என்னென்ன நிறம் என்று உடனே எழுதிக்கொள்ளுங்கள். நிறமும் வரிசையும் எந்த நாட்டில் கட்டியது என்று சொல்லிவிடும். மொட்டமாவில் கரண்டிமூக்கு உள்ளானைத் தேடும்போது செய்வதுபோலவே, போட்டோ எடுப்பதற்கு முன்னால் எழுதுங்கள். பறவை காத்திருக்காது.