ஷெட்டில் தூங்கும் ஹோண்டா ஏடிசி 90-ஐ எழுப்புவது எப்படி?

அமெரிக்கப் பண்ணை வீடுகளின் பழைய ஷெட்டுகளில், வைக்கோல் கட்டுக்குப் பின்னால் பலூன் மாதிரி மூன்று டயருடன் ஒரு குட்டி வண்டி கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது, அந்த மாதங்களில் விற்க ஏதாவது கொடுங்கள் என்று அமெரிக்க ஹோண்டா 1967-இல் கேட்டதற்கு, ஜப்பானில் ஒசாமு தக்கேயுச்சி என்ற பொறியாளர் வடிவமைத்த வண்டி இது. 1970-இல் யுஎஸ்90 என்ற பெயரில் வந்து, பிறகு ஏடிசி90 ஆனது. 89 சிசி, 7 குதிரைத்திறன். விளையாட்டு வண்டியாக வந்ததைத் தீவனமும் வேலிக் கம்பியும் ஏற்றும் வண்டியாகப் பண்ணைக்காரர்கள் மாற்றிக்கொண்டார்கள். ஹோண்டாவின் இன்னொரு மூன்று சக்கர வண்டியான 1982-இன் 'பிக் ரெட்' முன்னும் பின்னும் கேரியரோடு அவர்களுக்காகவே வந்தது.

எஞ்சின் மோட்டார் சைக்கிளுடையதுதான். ஸ்ப்ளெண்டரைக் கழற்றிப் பார்த்தவருக்கு, படுத்திருக்கும் இந்தச் சிலிண்டர் புதிதாகத் தெரியாது.

1. எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் கயிற்றை உடனே இழுக்காதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கயிற்றை மெதுவாக இழுத்தால் எஞ்சின் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். பலம் காட்டினால் பிஸ்டன் ரிங் உடையும்.

2. ஆயில். பழையதை வடித்துவிட்டு மோட்டார் சைக்கிளுக்கான 10டபிள்யூ-40 ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். கிளட்சும் இதே ஆயிலில் நனைவதால், கார் ஆயில் விட்டால் வழுக்க வாய்ப்பு உண்டு. அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுங்கள்.

3. டேங்கும் கார்புரேட்டரும். பாதிப் பொழுது இங்கேதான் போகும். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், அதை முழுதாக வடித்துவிடுங்கள். டேங்கில் துரு இருந்தால் வினிகரோடு ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்துங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள இரண்டு ஜெட்டுகளையும் கிளீனரில் ஊறவைக்க வேண்டும். அடைப்பு போகாவிட்டால் மெல்லிய செப்புக் கம்பி இழையால் மட்டும் குத்துங்கள். நான் அவசரத்தில் இரும்புக் கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிட்டேன். வண்டி கறுப்புப் புகை கக்கியது, பிளக் கரி பிடித்தது. புது ஜெட் வாங்கித்தான் தீர்ந்தது.

4. கரண்ட். பாயின்ட் (பிளக்கில் பொறி வரவைக்கும் மின் தொடுமுனை) முகத்தை நைஸ் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்துத் துடையுங்கள். இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்துக் கயிற்றை இழுத்தால் நீலப் பொறி வரவேண்டும். பெட்ரோல் கேனைத் தள்ளி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

5. டேப்பட். எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டு வால்வுக்கும் இடைவெளி 0.05 மி.மீ. அந்த அளவுள்ள ஃபீலர் கேஜ் தகடு இடையில் லேசான பிடிப்போடு நகர்ந்தால் போதும்.

6. டயர். இந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, ஷாக் கிடையாது. டயரில் இருக்கும் காற்றுதான் சஸ்பென்ஷன். கார் டயருக்கு 32 பிஎஸ்ஐ என்றால் இதற்குச் சுமார் 2. ஆமாம், இரண்டுதான்! சாதாரண கேஜில் முள்ளே அசையாது, குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் தனியாக வாங்குங்கள். கம்ப்ரஸர் பக்கம் போக வேண்டாம், சைக்கிள் பம்ப் போதும். பின்டயர் இரண்டுக்கும் காற்றடித்த பிறகு டேப்பைச் சுற்றிப் பிடித்துச் சுற்றளவைப் பாருங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

7. ஸ்டார்ட். நியூட்ரல், சோக், கயிற்றில் கனம் தெரியும்வரை மெல்ல இழுத்து, அப்புறம் ஒரே சுண்டு. சூடேறியதும் சோக்கை எடுத்துவிடுங்கள். கிளட்ச் லீவர் தேட வேண்டாம், அது தானாகவே பிடிக்கும்.

8. ஓட்டுவது. பைக் ஓட்டத் தெரியும் என்ற தைரியம் இங்கே உதவாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருக்கின்றன, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இல்லை. அதனால் ஹேண்டிலை மட்டும் திருப்பினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். உடலை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து அழுத்துங்கள். உள்பக்கச் சக்கரத்தின் பாரம் குறைந்து வழுக்கித் திரும்பும். தார்ரோட்டில் அது வழுக்காது, எனவே மண்ணிலும் புல்லிலும் மட்டும். பைக் பழக்கத்தில் காலை ஊன்றினால் பின்டயர் காலின் மேலேயே ஏறும். விபத்துகள் பெருகித்தான் அமெரிக்காவில் அரசுடன் நிறுவனங்கள் செய்துகொண்ட 1988 உடன்பாட்டோடு மூன்று சக்கர வண்டி விற்பனையே நின்றது. ஹெல்மெட், கணுக்கால் மூடிய பூட்ஸ், பின்னால் யாரையும் ஏற்றாமை, குழந்தைகளிடம் கொடுக்காமை: இந்த நான்கில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பத்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்திவிட்டு, அச்சு நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒன்றாவது தளர்ந்திருக்கும்.