புது மானிட்டரில் கோளாறா? திருப்பி அனுப்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

புது மானிட்டர் வந்து இறங்கிய அன்று செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்காமல் பரணில் ஏற்றுவது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ‘போகப் போகப் பழகிடும்’ என்று சொல்லியே நாட்களை ஓட்டிவிட்டு, கெடு முடிந்த மறுநாள் மூலையில் இருக்கும் புள்ளியைப் பார்த்துப் புலம்புகிறவர்கள் நிறைய பேர். முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

அதே சமயம், எதைப் பார்த்தாலும் உடனே பேனல்மேல், அதாவது படம் தெரியும் திரைப் பலகைமேல், பழி போடாதீர்கள். போன மழைக்காலத்தில் நான் ஒரு 27 இஞ்ச் மானிட்டர் வாங்கினேன், 2560-க்கு 1440 பிக்சல், ஐபிஎஸ் என்ற வகைப் பேனல், 165 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 165 தடவை படத்தைப் புதுப்பிக்கும்). கேபிளைச் சொருகி ஆன் செய்தால் கருப்பு கருப்பாகவே இல்லை, வெளுத்துப்போன சாம்பல். சிவப்பு எழுத்துகளின் ஓரமெல்லாம் ஈரத்தில் விரலால் தேய்த்த மாதிரி இழுபட்டிருந்தது. ‘குப்பையைத் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்று திட்டிக்கொண்டே பிரைட்னஸைக் குறைக்கலாம் என்று கீழே இருந்த பட்டனை அழுத்தினேன், மானிட்டரின் மெனு வந்தது. அந்த மெனுவில் எழுத்துகள் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தன, அதன் பின்னணிக் கருப்பும் சுத்தமாக இருந்தது. ஆக, பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு வந்து சேரும் படம்தான் கெட்டுப்போய் வருகிறது.

கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிக்க எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை. மெனுவை மானிட்டரே வரைகிறது, கம்ப்யூட்டருக்கு அதில் பங்கே கிடையாது. மெனுவும் சேர்ந்து மங்கலாக, கோடாக, நிறம் மாறித் தெரிந்தால் பிரச்சினை மானிட்டரில். மெனு சுத்தமாக இருந்து படம் மட்டும் மோசமாக இருந்தால் கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு, செட்டிங்ஸ் மூன்றில் ஒன்று. இன்னொரு சோதனையும் உண்டு: ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைலுக்கு அனுப்பிப் பாருங்கள். கோளாறு ஸ்கிரீன்ஷாட்டிலும் இருந்தால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏதோ தவறு. கோடு விழுகிற மானிட்டராக இருந்தால் கேபிளையே கழற்றிவிடுங்கள். ‘சிக்னல் இல்லை’ என்ற செய்தியின்மேலும் அதே இடத்தில் அதே கோடு நின்றால் பேச்சே இல்லை, அது பேனல்தான்.

கேபிளும் செட்டிங்ஸும் செய்யும் வேலைகள்

என் மானிட்டரில் நடந்தது ரொம்ப சாதாரணமான விஷயம். நான் சொருகியது ஹெச்டிஎம்ஐ கேபிள். அந்த இணைப்பு முறை டிவி உலகத்திலிருந்து வந்தது, அதனால் சில சமயம் கிராஃபிக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொள்கிறது. வெளிச்ச அளவை எண்ணாகச் சொன்னால், கம்ப்யூட்டரில் கருப்பு 0, வெள்ளை 255. டிவி கணக்கில் கருப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர் டிவி கணக்கில் அனுப்பி மானிட்டர் அதைக் கம்ப்யூட்டர் கணக்கில் படித்தால், கருப்பாக வர வேண்டியது சாம்பலாகவும் வெள்ளை அழுக்காகவும் தெரியும். இதே குழப்பம் தலைகீழாக நடந்தால் இருட்டுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியாமல் மொத்தமாகக் கருப்பில் மூழ்கிவிடும்.

எழுத்தின் ஓரம் இழுபட்டதற்குக் காரணம் வேறு. பிக்சலுக்கு பிக்சல் வெளிச்சத்தை மட்டும் தனித்தனியாக அனுப்பிவிட்டு, நிறத்தை அக்கம்பக்கத்துப் பிக்சல்களுக்குப் பொதுவாகப் பங்கு போடும் முறை ஒன்று இருக்கிறது, 4:2:2, 4:2:0 என்று எழுதியிருக்கும். சினிமா பார்க்க அது போதும். சின்ன எழுத்தைப் படிக்க ஆகாது. என்விடியா கார்டு என்றால் அதன் கன்ட்ரோல் பேனலில் ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’ பக்கத்துக்குப் போய், அவுட்புட் கலர் ஃபார்மட்டில் ஆர்ஜிபி, டைனமிக் ரேஞ்சில் ஃபுல். ஏஎம்டி என்றால் டிஸ்ப்ளே பகுதியில் பிக்சல் ஃபார்மட் என்ற இடத்தில் ஆர்ஜிபி 4:4:4 ஃபுல். மானிட்டர் மெனுவிலும் ‘பிளாக் லெவல்’ அல்லது ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ என்று ஒன்று ஒளிந்திருக்கலாம், இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் கையில் இருந்தால் அதற்கு மாறிவிடுவது இன்னும் சுலபம், அநேகமாக இந்தத் தலைவலியே வராது.

அப்புறம் ரெசல்யூஷன். பேனலில் எத்தனை பிக்சல் இருக்கிறதோ அதே எண்ணில்தான் வைக்க வேண்டும். 1440 பேனலில் 1080 வைத்தால் ஒவ்வொரு பிக்சலும் ஒன்றே கால் சொச்சம் பிக்சலாக விரிய வேண்டும், அரைகுறையாக விரிந்து எல்லாமே மங்கும். எழுத்து சின்னதாக இருக்கிறதே என்றால் விண்டோஸில் எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 125 சதவீதமாக ஏற்றுங்கள், ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’, அங்கே போய் நீங்களே மாற்றினால்தான் மாறும். 4கே மானிட்டரில் மவுஸ் அம்பு தவ்வித் தவ்விப் போனால், எங்கோ பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், 4கே-யில் அதன் எல்லை 30 ஹெர்ட்ஸ்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் கேபிளை அந்தக் கார்டில் சொருகாமல் மதர்போர்டு போர்ட்டில் சொருகியிருக்கிறீர்களா என்பதையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே செய்திருக்கிறேன்.

எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு நிழல் கோடு ஓடினால் மானிட்டர் மெனுவில் ஷார்ப்னஸைக் குறையுங்கள். நிறமெல்லாம் செத்துப்போய்த் தெரிந்தால் ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை) ஆன் ஆகியிருக்கலாம், விண்டோஸ் பட்டனோடு ஆல்ட், பி (B) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அணையும். விலை குறைந்த மானிட்டர்களில் ஹெச்டிஆர் என்பது பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கருக்காக என்பது என் அபிப்பிராயம். பழைய கம்ப்யூட்டரில் விஜிஏ கேபிளோடு ஓட்டுகிறவர்களுக்கு எழுத்து அதிர்ந்தால், வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு மெனுவில் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ அழுத்துங்கள்.

திரை இரண்டு வினாடி கருப்பாகிவிட்டுத் திரும்ப வருகிறதா? முதலில் கேபிளை மாற்றுங்கள், குறிப்பாக மூன்று நான்கு மீட்டர் நீளமுள்ள மலிவான கேபிள் என்றால். இதில் ஒரு வேடிக்கை உண்டு: உயரம் ஏற்றி இறக்கும் சுழல் நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும் திரை அணைந்தால் நீங்கள் கற்பனை செய்யவில்லை. அந்த நாற்காலிகளில் சேரும் நிலைமின்சாரம் பாய்வதால் கிளம்பும் மின் அலையைக் கேபிள் வாங்கிக்கொள்கிறது. நல்ல உறை போட்ட கேபிள் வாங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி பேனல்

திரையை மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு, பெயின்டில் பேனல் அளவுக்கே கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படம் செய்து முழுத்திரையில் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். எந்த நிறத்திலும் கருப்பாகவே நிற்கும் புள்ளி டெட் பிக்சல். கருப்புத் திரையில் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ எரிந்துகொண்டே இருப்பது ஸ்டக் பிக்சல். ஓரம் கூர்மையாக இல்லாமல் மங்கலான நிழல் மாதிரி, ஒரு பிக்சலைவிடப் பெரியதாகத் தெரிந்தால் அது உள்ளே மாட்டிய தூசி. சந்தேகம் இருந்தால் மொபைல் கேமராவை மேக்ரோவில் வைத்துக் கிட்டே கொண்டுபோங்கள். வெள்ளைத் திரையில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டையாகத் தெரியும், இருண்ட பிக்சலில் எந்தப் பட்டை அணைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அந்தப் படத்தை வைத்திருங்கள், கஸ்டமர் கேரில் பேசும்போது உதவும்.

ஸ்டக் பிக்சலுக்கு நிறங்களை வேகமாக மாற்றி மாற்றி மின்னவிடும் வீடியோக்கள் இருக்கின்றன. சில சமயம் வேலை செய்கிறது. வலிப்பு வரக்கூடியவர்கள் வீட்டில் இருந்தால் அந்த ஜன்னலைச் சின்னதாக்கி, புள்ளிக்கு மேலே மட்டும் வைத்து, கண்ணில் படாமல் மூடிவிடுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு புள்ளியைச் சரிசெய்யப் போய் பத்து புள்ளியோடு திரும்பலாம், வாரன்டியும் போய்விடும்.

ஒரே ஒரு புள்ளிக்கு மாற்றித் தருவார்களா? நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஃபுல் ஹெச்டி திரையில் 20,73,600 பிக்சல், 4கே என்றால் 82,94,400, ஒவ்வொன்றிலும் மூன்று துணைப் பிக்சல் (மேலே சொன்ன மூன்று பட்டைகள்), அதில் ஒன்றிரண்டு சொதப்பும் என்று தொழிற்சாலைகள் முன்கூட்டியே கணக்கு வைத்திருக்கின்றன. 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற சர்வதேசத் தரத்தின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் பிக்சல் 2, எப்போதும் இருண்ட பிக்சல் 2, துணைப் பிக்சல் கோளாறு 5 வரை ‘சரக்கு சரியானதே’ என்று சொன்னது. இப்போது அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 9241-307 இருக்கிறது. சில நிறுவனங்கள் எரியும் புள்ளி ஒன்று இருந்தாலே மாற்றித் தருவதாக எழுதியிருப்பார்கள். வாங்கும் முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். வாரன்டி வழி இப்படிக் கணக்குப் பார்க்கும் என்பதால்தான் கடையின் ஒரு வார அவகாசம் முக்கியம், அதற்குள் கேட்டால் பிக்சல் எண்ணிக்கை பற்றிய வாக்குவாதம் குறைவு.

கருப்புப் புள்ளி நகர்கிறதா? பதறாதீர்கள், அது பூச்சி. எனக்கு இதே மானிட்டரில் மழை பெய்த ஒரு சாயங்காலம் நடந்தது. எக்செல் பக்கத்தின் நடுவில் எள்ளில் கால் பங்கு இருக்கும் ஒன்று மெல்ல ஊர்ந்து போனது. தட்டிவிடக் கை போய்விட்டது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இல்லை, உள்ளே. வெளிச்சத்துக்கு வரும் பொடிப் பூச்சிகள் காற்றுத் துளை வழியாகப் புகுந்து பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) அடுக்குகளுக்கு நடுவே போய்விடும். அந்த நேரத்தில் விரலால் அழுத்தினால் அது அங்கேயே நசுங்கிச் செத்து, மானிட்டர் இருக்கும்வரை உங்களோடு இருக்கும். மானிட்டரை அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, பக்கத்தில் ஒரு டேபிள் லைட்டை மட்டும் எரியவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், காலையில் பூச்சி போயிருந்தது.

மூலையில் வெளிச்சம் கசிகிறது என்பது அடுத்த பெரிய புகார். இருட்டறையில் கருப்புத் திரையைப் போட்டு, உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். பிறகு தலையை இடவலமாக நகர்த்துங்கள். வெளிச்சம் உங்களோடு சேர்ந்து நகர்ந்து, மங்கி, நிறம் மாறினால் அது ஐபிஎஸ் பேனலின் சுபாவம், பத்து தடவை மாற்றினாலும் அதுவேதான் வரும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பிரைட்னஸைக் குறைத்தால் அடங்கும். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில் மஞ்சளாகத் திட்டாக நின்றால் அது பேக்லைட் கசிவு, அதை மாற்றக் கேட்கலாம். அதற்கு முன் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், பேனல் சூடானதும் கொஞ்சம் குறைவது உண்டு. மொபைலில் எடுத்த படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இருட்டில் கேமரா வெளிச்சத்தை ஊதிப் பெருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே இருண்ட திரையெல்லாம் கசிவு.

விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கருப்புப் பக்கத்தை உருட்டும்போது எழுத்து கரிக்கோடு மாதிரி பின்னால் இழுபடும், அதுவும் சுபாவம்தான். நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிச்சமான வால் தெரிந்தால் மட்டும் மெனுவில் பிக்சல் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் ஓவர்டிரைவ் அல்லது ‘ரெஸ்பான்ஸ் டைம்’ உச்சத்தில் இருக்கிறதா பாருங்கள், நடுவில் வைத்தால் போதும். கேமில் மட்டும் திரை படபடத்தால், திரையின் வேகத்தைக் கேமின் வேகத்துக்கு ஏற்ப மாற்றும் அடாப்டிவ் சிங்க்கை அணைத்துப் பாருங்கள். ஓஎல்இடி (பேக்லைட் இல்லாமல் பிக்சலே ஒளிரும் வகை) வாங்கியவர்களுக்கு எழுத்தோரத்தில் நிறம் தெரிவது அதன் துணைப் பிக்சல் வரிசை வேறு மாதிரி அமைந்திருப்பதால், விண்டோஸில் எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப்பை ஒருமுறை ட்யூன் செய்தால் கொஞ்சம் தேறும்.

எல்லாம் பார்த்தும் பேனல்தான் என்று உறுதியானால் தாமதிக்காதீர்கள். மெனுவோடு சேர்த்து கோளாறு தெரிகிற மாதிரி ஒரு வீடியோ, கேபிளைக் கழற்றியும் தெரிந்தால் அதற்கொரு வீடியோ, பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணின் படம், பெட்டி பிரித்த வீடியோ இருந்தால் அதுவும். ‘படம் சரியில்லை’ என்று எழுதினால் டிரைவரை அப்டேட் செய்யச் சொல்லி இரண்டு நாளைத் தின்றுவிடுவார்கள். எந்த இடத்தில், எந்த நிறத்தில், எத்தனை புள்ளி என்று எழுதுங்கள். கெடுவுக்குள் சொல்லியும் கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பரணிலிருந்து பெட்டியை இறக்கி அடுக்கும்போது திரை எந்தப் பக்கம் இருந்தது என்று பெட்டியில் போட்டிருக்கும், அதைப் பார்த்து அதே பக்கம் வையுங்கள், ஸ்டாண்டையும் அடாப்டரையும் திரைமேல் படாமல் அதனதன் குழியில். எடுக்க வருகிறவர் சீரியல் எண்ணைச் சரிபார்ப்பார், அதனால் அவர் வந்த பிறகு டேப் ஒட்டுங்கள்.